300 கஜத் தொலைவு: அஸ்ஸாமில் கருங்காய்ச்சல் பரவிய வரலாறும் லெனார்ட் ரோஜர்ஸின் வாசிப்பும்

அஸ்ஸாம் பள்ளத்தாக்கில் கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் பரவிய வரலாற்றை எழுதப் புகும் எவரும் லெனார்ட் ரோஜர்ஸின் 1897 அறிக்கையைத் தாண்டிப் போக முடியாது. காரோ மலையடிவாரம், கோவால்பாரா, காம்ரூப், மங்கல்தோய், நவ்காங் என்று பிரம்மபுத்திராவை ஒட்டி நோய் கிழக்கே நகர்ந்ததை ஊர் ஊராக விசாரித்து வரிசைப்படுத்தியவர் அவர். அவர் வரைந்த பாதையைப் பின்வந்தவர்கள் ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பாதையில் எனக்கும் பெரிய மறுப்பில்லை. அந்தப் பாதைக்கு அவர் கொடுத்த பொருளில்தான் மறுப்பு. மனிதர் நடந்த வழியே நோயும் நடந்தது, எனவே நோயைச் சுமந்து வந்தவரும் அதைப் பரப்பியவரும் மனிதரே, வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது ஒட்டுகிறது என்பது அவர் முடிவு. சாலை நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. வந்த நோய் ஒரு வீட்டில் வேர்விட்டதும் மற்றொரு வீட்டில் பட்டுப்போனதும் சாலையால் அல்ல என்று இந்தக் கட்டுரை வாதிடுகிறது. அதற்கு நான் நம்பியிருப்பது ரோஜர்ஸே பதிந்து வைத்த ஒரு சான்றை.

அன்றைய அச்சத்தின் அளவை ஓர் எண் காட்டிவிடும். 1891-க்கும் 1901-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நவ்காங் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தக் குறைவு என்றால், மண்ணின் மக்கள் அடைந்த இழப்பு அதைவிடக் கூடுதல். காரணம் தேடி வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். 1890-ல் கைல்ஸ் கொக்கிப்புழு என்றார். ரோஜர்ஸ், மலேரியாவே உக்கிரமடைந்து தொற்றும் தன்மை பெற்றுவிட்டது என்றார். 1899-ல் ரொனால்ட் ராஸும் மலேரியாவின் பக்கமே நின்றார். பென்ட்லி மால்டா காய்ச்சல் என்று கருதினார். 1903-ல் லீஷ்மனும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும் நோயாளிகளின் மண்ணீரலில் நுண்ணிய ஒட்டுண்ணி உருண்டைகளைக் கண்டதை அறிவித்தபின் இந்தச் சர்ச்சை முடிந்தது. ஒட்டுண்ணி கிடைத்துவிட்டது, அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எப்படிப் போகிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் 39 ஆண்டுகள் ஆயின.

ரோஜர்ஸின் மலேரியா முடிவு தவறிப்போனதால் அவர் அறிக்கை முழுவதையும் ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. நோய்க்கு அவர் வைத்த பெயர் தவறு. நோய் நடந்துகொண்ட விதத்தை அவர் பார்த்த பார்வை கூர்மையானது. மழை, வெள்ளம், மண் என்று ஊருக்குப் பொதுவான எந்தக் காரணமும் இந்த மெதுவான நகர்வை விளக்காது என்பதை அவர் சரியாகவே கண்டார். ஓர் ஊரில் பலரைச் சாய்க்கும் நோய், பக்கத்து ஊரை ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருந்து, பிறகு ஒரு நாள் நுழைகிறது. நுழைவதற்கு முன் நோயுற்ற ஊரிலிருந்து யாரோ ஒருவர் அங்கே வந்து தங்கியிருக்கிறார். இப்படிப்பட்ட செய்திகளை அடுக்கி, நோய் மனிதப் போக்குவரத்தைத் தொடர்கிறது என்றார். இது வரை அவரோடு நடக்கலாம்.

அவர் அங்கே நிற்கவில்லை. அதே பாதையைப் பின்னோக்கியும் நீட்டினார். 1824-25-ல் ஜெசூரில் மூண்ட காய்ச்சல், 1860களிலும் 70களிலும் பர்த்வானைச் சூறையாடிய காய்ச்சல், பிறகு ரங்பூர் வட்டாரத்துக் காய்ச்சல் ஆகிய எல்லாமே கருங்காய்ச்சல்தான், அதுவே காரோ மலைக்கு ஏறி அஸ்ஸாமுக்குள் இறங்கியது என்றொரு நீண்ட கோடு இழுத்தார். இந்தக் கோட்டின் முதல் பாதி மிக மெல்லியது. பர்த்வான் காய்ச்சலைக் கருங்காய்ச்சல் என்று அடையாளம் காண அவரிடம் இருந்தவை வீங்கிய மண்ணீரல், மாதக்கணக்கில் விடாத காய்ச்சல், கொய்னாவுக்குக் கட்டுப்படாமை ஆகியவைதாம். மருந்து போதாத அளவில் கொடுக்கப்பட்ட நாள்பட்ட மலேரியாவும் இதே தோற்றம் தரும். வங்காளத்துக் காய்ச்சல்களைப் பற்றி 1925-ல் எழுதிய பென்ட்லி, கரைகள் எழுப்பி ஆற்று வெள்ளத்தை வயலுக்குள் வரவிடாமல் தடுத்ததால் மலேரியா பெருகியது என்று அதே வட்டாரத்துக்கு முற்றிலும் வேறொரு விளக்கம் தந்தார். இரண்டு நோய்களும் பர்த்வானில் கலந்து கிடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று நினைக்கிறேன். 1903-க்கு முந்தைய எந்தக் கொள்ளைநோய்க்கும் நுண்ணோக்கிச் சான்று இல்லாததால் இதைத் தீர்த்துச் சொல்ல வழியில்லை. காரோ மலையில் நோய் தலைகாட்டிய ஆண்டும் அப்படித்தான். 1882-ஆம் ஆண்டின் அரசு அறிக்கையில் தெளிவான வருணனை இருக்கிறது. 1869, 1875 என்றெல்லாம் பின்னால் குறிக்கப்பட்ட ஆண்டுகள் நினைவிலிருந்து எண்ணப்பட்டவை. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நோய் ஆண்டுக்கு இத்தனை மைல் நகர்ந்தது என்று கணக்குப் போடுவது ஏற்கத்தக்கதல்ல.

இனி, நான் நம்பியிருக்கும் சான்று. நவ்காங்கின் தேயிலைத் தோட்டங்களில் டாட்ஸ் பிரைஸ் என்ற மருத்துவர் பணியாற்றினார். ரோஜர்ஸின் யோசனைப்படி அவர் செய்தது எளிய ஏற்பாடு. நோய் புகுந்த பழைய லயன்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு ஏறத்தாழ 300 கஜம் தள்ளிப் புதிய லயன்கள் கட்டப்பட்டன. நோயாளி இல்லாத குடும்பங்கள் மட்டும் அங்கே குடியமர்த்தப்பட்டன. இதில் ஒரு தோட்டத்து நிகழ்ச்சி தனித்து நிற்கிறது. புதிதாக வந்திறங்கிய ஒரே கூட்டத்து ஆட்களில் ஒரு பகுதியினர் புதிய லயனுக்கும் மற்றவர்கள் பழைய லயனுக்கும் அனுப்பப்பட்டார்கள். பழைய லயனுக்குப் போனவர்களிடையே ஓரிரு ஆண்டுகளுக்குள் நோய் புகுந்து பலரைக் கொன்றது. புதிய லயனில் இருந்தவர்கள் தப்பினார்கள். பிற்காலத்தில் ரோஜர்ஸ் இதைத் தம் வெற்றியாகவே மறுபடி மறுபடி எடுத்துச் சொன்னார். 1914-ல் பிரைஸும் அவரும் சேர்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையின் உயிரும் இந்தப் பிரித்துவைக்கும் முறைதான்.

அந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு லயன்காரர்களும் ஒரே மலேரியாக் காற்றைத்தான், அன்றைய சொல்வழக்கில், சுவாசித்தார்கள். விடிந்ததும் ஒரே கொம்பு ஊதலுக்கு எழுந்து, ஒரே தேயிலை வரிசைகளில் தோளோடு தோள் நின்று கொழுந்து பறித்தார்கள். கூலி ஒரே அளவு, அரிசி ஒரே கடையிலிருந்து. பொழுது சாய்ந்த பிறகுதான் அவர்கள் பிரிந்தார்கள். ஆகவே தொற்று பகலில் இல்லை, வேலைத்தலத்தில் இல்லை, உண்ணும் அரிசியில் இல்லை. இரவில், படுத்த இடத்தில் இருந்தது. அந்த இடத்தின் ஆற்றல் 300 கஜத்துக்குள் தீர்ந்துபோனது. ஒரு கொள்ளைநோயைப் பற்றி இவ்வளவு துல்லியமான செய்தி அன்றைய மருத்துவத்துக்குக் கிடைத்தது அபூர்வம். அதற்கு விலையாகப் பழைய லயனுக்கு அனுப்பப்பட்டவர்களின் உயிர் போனது என்பதையும் எழுதியே ஆக வேண்டும். அந்த லயனில் நோய் இருப்பது தெரிந்திருந்தும் அங்கே ஆட்களை இறக்கினார்கள். எந்த லயன் தனக்கு என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்த மனிதர்களுக்கு இருந்ததில்லை.

ரோஜர்ஸ் இதிலிருந்து வீட்டுத் தொற்று என்ற முடிவுக்கு வந்தார். 1904-ல் கல்கத்தாவில் அவர் ஒட்டுண்ணியை உடல்சூட்டைவிடக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தபோது அது வாலுள்ள வடிவமாக மாறியது. உடல் சூட்டில் இல்லாத ஒரு பருவம் அதற்கு உண்டு, எனவே குளிர்ந்த உடலுள்ள ஒரு பூச்சி இடையில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். வீட்டை விட்டு நகராத பூச்சி எது? மூட்டைப்பூச்சி. 1907-ல் சென்னையில் பேட்டன் நோயாளிகளின் இரத்தத்தை மூட்டைப்பூச்சிக்கு ஊட்டி, அதன் குடலில் ஒட்டுண்ணி வாலுள்ள வடிவம் எடுப்பதைக் காட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவின் கருங்காய்ச்சல் ஆராய்ச்சி பெரும்பாலும் கயிற்றுக்கட்டிலின் இடுக்குகளிலேயே தேடிக்கொண்டிருந்தது. பேட்டன் 1921-லும் அந்தக் கருத்தை விடவில்லை.

என் மறுப்பு இங்கேதான் கூர்மை பெறுகிறது. மூட்டைப்பூச்சி வீட்டை விட்டு நகராது என்பது பாதி உண்மை. மனிதரின் மூட்டை முடிச்சோடு அது ஊர் கடந்து போகும். பாயோடும் கம்பளியோடும் கட்டிலோடும் 300 கஜம் தள்ளிக் குடிபோன குடும்பங்கள் மூட்டைப்பூச்சியையும் உடன்கொண்டுதான் போயிருக்கும். அதுவே நோயைக் கடத்தியிருந்தால் புதிய லயன்களில் சிலவாவது முதல் ஆண்டிலேயே கெட்டிருக்க வேண்டும். ரோஜர்ஸின் பக்கம் நின்று ஒருவர் பதில் சொல்லலாம்: நோயாளி இல்லாத குடும்பத்தின் பாயில் இருந்த பூச்சிகள் நோயற்றவை. ஆனால் ஒட்டு ஒட்டாகக் கட்டிய, ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட லயன் அறைகளில் அண்டை வீட்டுப் பூச்சி இந்த வீட்டுக்கு வராது என்று நம்புவது கடினம். ஆனாலும் இந்த வாதம் மூட்டைப்பூச்சியை முற்றாக வீழ்த்திவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக வந்து பழைய லயனில் இறங்கியவர்கள் மாண்டதற்குச் சுவர் வெடிப்பில் காத்திருந்த மூட்டைப்பூச்சியும் காரணமாக இருக்கலாம், நோயைக் கடத்துவதாகப் பின்னாளில் நிறுவப்பட்ட மணல் ஈயும் காரணமாக இருக்கலாம். அந்தப் பகுதியினரின் சாவு இரண்டு பூச்சிகளையும் பிரித்துக் காட்டாது. மறு பகுதியினரின் உயிர் பிழைப்புத்தான் பிரித்துக் காட்டுகிறது.

மணல் ஈயின் வாழ்க்கையை லயனோடு பொருத்திப் பார்க்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். நேராகப் பறக்கத் தெரியாது. சுவரில் தத்தித் தத்தி நகரும். காற்று அசைந்தால் வெளியே வராது. பகலில் மண்சுவரின் வெடிப்பிலும் தொழுவத்தின் இருண்ட மூலையிலும் ஒடுங்கிக் கிடக்கும். முட்டையிடுவது சாணமும் மக்கிய வைக்கோலும் கலந்த ஈரமண்ணில். இந்தியாவில் நோய் கடத்தும் பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற இனம் மாட்டின் இரத்தத்தை விரும்பிக் குடிப்பது. மாட்டருகே மனிதர் படுத்திருந்தால் அவரையும் கடிக்கும். முட்டையிலிருந்து ஈயாவதற்குப் பல வாரம் ஆகும். புதிதாகக் கட்டிய லயனின் தரை இன்னும் அந்த மண்ணாக மாறியிருக்காது. வெடிப்பு விழாத சுவர், சாணம் ஊறாத தரை, நோயாளி உறங்காத அறை. இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்துக்கு 300 கஜம் தள்ளியிருக்கும் ஈ எளிதில் வந்து சேராது. இங்கே என் சான்று மெலிந்திருக்கிறது. சாதகமான சூழலில் மணல் ஈ சில நூறு மீட்டர் போகக்கூடும். 300 கஜம் அதற்குத் தாண்ட முடியாத எல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோய் பரவ ஒரே ஓர் ஈ வந்தால் போதாது. நோயாளியைக் கடித்து, பல நாள் உயிரோடிருந்து, மறுபடி மனிதரைக் கடிக்கும் ஈக்கள் இரவுதோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும். தொலைவு தடுத்தது அந்தத் தொடர்ச்சியை என்றே படிக்கிறேன். காரோ மக்கள் நோய் புகுந்த குடிசையைக் கைவிட்டு வேறிடம் போனதை ரோஜர்ஸ் தொற்று அச்சத்தின் அடையாளமாகவே கண்டார். அந்த மக்கள் செய்தது அதைவிடச் சரியானது: நோயாளியோடு ஈ வளர்ந்த மண்ணையும் சேர்த்து விட்டுப்போனார்கள்.

பூச்சிகள் இரண்டையும் இறுதியாகப் பிரித்தது அவற்றின் இரண்டாம் வேளை உணவு. பேட்டன் தம் நேர்மையால் பதிந்து வைத்த ஒரு செய்தி அவர் கருத்துக்கே எதிராக நின்றது. ஒரு முறை இரத்தம் குடித்த மூட்டைப்பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி வளர்கிறது. அதே பூச்சி மறுபடி இரத்தம் குடித்தால் ஒட்டுண்ணி அழிந்துபோகிறது. கடித்துப் பரப்ப வேண்டிய பூச்சி இரண்டாம் கடியிலேயே கையிருப்பை இழந்துவிட்டால் நோய் எப்படிப் பரவும்? 1924-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், அதாவது ரோஜர்ஸ் முன்னின்று நிறுவிய பள்ளியிலேயே, நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் மணல் ஈயை நோயாளிகள் மேல் விட்டுப் பார்த்தார்கள். அதன் குடலில் ஒட்டுண்ணி பெருகியது. அடுத்த நாட்களில் முன்குடலை நோக்கி, வாய்ப்பக்கமாக நகர்ந்தது. அஸ்ஸாமில் கிறிஸ்டோஃபர்ஸ், ஷார்ட், பரௌட் ஆகியோரின் ஆணைக்குழுவும் இதை உறுதிசெய்தது. அப்படியும் கடித்து நோய் வரவைக்கும் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் தோற்றன. ஈக்கள் இரண்டாம் வேளை இரத்தம் குடித்து இறந்துகொண்டே இருந்தன, அல்லது கடித்தும் நோய் வரவில்லை. 1940-ஐ ஒட்டி ஸ்மித்தும் உடன் உழைத்தவர்களும் முதல் இரத்த உணவுக்குப் பிறகு ஈக்களுக்கு உலர்திராட்சை கொடுத்தார்கள். சர்க்கரைச் சாறு உறிஞ்சிய ஈக்கள் நீண்டநாள் வாழ்ந்தன. ஒட்டுண்ணி அவற்றின் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகியது. 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் இந்த முறையில் வளர்த்த ஈக்களைத் தன்னார்வலர் ஐவர் மேல் கடிக்க விட்டார்கள். ஐவருக்கும் கருங்காய்ச்சல் வந்தது. இயற்கையில் மணல் ஈ செடியின் சாற்றைக் குடிக்கும் என்பதை நினைத்தால், சோதனைக்கூடத்துக்கு வெளியே இது எப்போதும் நடந்துகொண்டிருந்த காரியம்.

மணல் ஈயைப் பிடித்துக்கொண்டவர்களும் ஓர் அளவு தாண்டிப் பேசினார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1920களில் சிண்டன், அர்ஜென்டிபெஸ் இருக்கும் இடங்களையும் கருங்காய்ச்சல் இருக்கும் இடங்களையும் வரைபடத்தில் வைத்து இரண்டும் பொருந்துவதைக் காட்டினார். மூட்டைப்பூச்சி நாடெங்கும் இருக்க நோய் கிழக்கில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு அது வலுவான பதில். ஆனால் அதே ஈ தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவலாக உண்டு. சென்னையின் ஜார்ஜ் டவுனில் டோனவன் காலத்தில் நோயாளிகள் இருந்தார்கள். அங்கே அது அஸ்ஸாம் போல மூண்டதில்லை. இலங்கையில் இன்று அதே ஒட்டுண்ணி, லீஷ்மேனியா டோனவனி, பெரும்பாலும் தோலில் மட்டும் புண்ணாக வெளிப்படுகிறது. 2010-ல் இளங்கோ என்பவர், அர்ஜென்டிபெஸ் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உண்மையில் பிரித்தறிய வேண்டிய உறவினங்களின் கூட்டம் என்று காட்டிய பிறகு, சிண்டனின் வரைபடத்தில் எந்தப் புள்ளி எந்த இனம் என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. ஈ இருப்பதும் மனிதர் ஈக்கு ஆளாவதும் வெவ்வேறு. மாடு எங்கே கட்டப்படுகிறது, மனிதர் எங்கே படுக்கிறார், சுவர் எதனால் ஆனது என்பவை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன.

சாலையின் பங்கையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது. 1922-ல் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, காய்ச்சலிலிருந்து மீண்டவர்களின் தோலில் பிற்பாடு தோன்றும் வெளிர்புள்ளிகளிலும் கட்டிகளிலும் ஒட்டுண்ணி இருப்பதைக் காட்டினார். இவர்கள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் அல்லர். சந்தைக்குப் போவார்கள், உறவு வீட்டில் தங்குவார்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் வரிசையில் நிற்பார்கள். ரோஜர்ஸ் ஊர் ஊராகக் கேட்டறிந்த, நோய் வருவதற்கு முன் வந்து தங்கிய அந்த அயலாரில் சிலர் இப்படிப்பட்டவர்களாக இருந்திருக்கலாம். அவ்வகையில் அவர் பாதை வலுப்பெறுகிறது. அவர் முடிவு வலுப்பெறவில்லை: அந்த அயலார் தங்கிய வீட்டில் ஈ இல்லாவிட்டால் அவரால் யாருக்கும் தீங்கு இல்லை.

பிரித்துவைத்ததால்தான் நவ்காங் தோட்டங்களில் நோய் அடங்கியது என்ற 1914-ஆம் ஆண்டு உரிமைகோரலை நான் அப்படியே ஏற்கவில்லை. அந்த ஆண்டுகளில் பிரித்துவைக்காத ஊர்களிலும் நோய் தணிந்துகொண்டிருந்தது. 1988-ல் டை, வோல்பர்ட் இருவரும் அஸ்ஸாமின் சாவுக் கணக்குகளை ஆராய்ந்து, 1897 நிலநடுக்கம், 1918 இன்ஃப்ளூயன்சா போன்ற வெளிக்காரணங்களைத் துணைக்கு அழைக்காமலேயே கொள்ளைநோய் எழுந்து தணிந்து மறுபடி எழுவதை விளக்க முடியும் என்றார்கள்: நோயில் தப்பியவர்களின் எதிர்ப்பாற்றல் பெருகும்போது அது தணிகிறது, எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய தலைமுறை வளரும்போது எழுகிறது. மாவட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இந்த விளக்கம் போதும். ஒரே மாதத்தில் வந்து, ஒரே தோட்டத்தில், 300 கஜ இடைவெளியில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட கூட்டத்துக்கு அது போதாது. இரு பகுதியினருக்கும் ஒரே எதிர்ப்பாற்றல்தான் இருந்திருக்க வேண்டும். ஒரே ஆண்டு, ஒரே அலை. அவர்களிடையே மாறுபட்டது இரவில் படுத்த தரை ஒன்றுதான். அந்தப் பழைய லயனை ஒட்டி மாடுகள் கட்டப்பட்டிருந்தனவா என்பதைத் தோட்டக் கணக்கேடு ஒன்று சொல்லுமானால் என் வாதம் இன்னும் உறுதிப்படும். மாடே இல்லை என்று அது சொல்லுமானால், சுவரையும் தரையையும் மட்டும் வைத்து நான் இதை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.